மேல்தாடை பின்தங்கின பிள்ளைக்கு எந்த வழி: எக்ஸ்பாண்டரா, ஃபேஸ்மாஸ்க்கா, எலும்புத் தகடா, ஆபரேஷனா?

என் பொண்ணுக்கு 8 வயசு நடக்குறப்போ மேல முன்பல்லு முளைச்சு வந்துச்சு, வந்த உடனேயே தெரிஞ்சுபோச்சு, கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னால வந்து நிக்குது. பக்கவாட்டுல பாத்தா கன்னம் லேசா உள்ள போய், மேலுதட்டுக்கு முட்டு இல்லாத மாதிரி சப்பையா இருக்கும். என் தம்பிக்கும் அச்சு அசல் இதே தாடை. அவனுக்குச் சின்ன வயசுல யாரும் ஒண்ணும் பண்ணல, வளர்ந்தா சரியாயிடும்னு விட்டுட்டாங்க, கடைசியில 20 வயசுல ஆபரேஷன்ல போய் முடிஞ்சுது. அந்த ஞாபகம் இருந்ததால நான் தாமதிக்கல, பல்வரிசையும் தாடையும் சீர்படுத்துற டாக்டர், அதாவது ஆர்த்தோடாண்டிஸ்ட், மூணு பேர்கிட்ட காட்டினேன், மூணு பேரும் மூணு பதில் சொன்னாங்க. ஒருத்தர், இப்பவே அண்ணத்துல எக்ஸ்பாண்டர்னு விரிக்கிற கருவி போட்டு, முகத்துக்கு வெளியில ஃபேஸ்மாஸ்க் மாட்டி மேல்தாடையை முன்னாடி இழுத்துடலாம்னார். இன்னொருத்தர், 11, 12 வயசு ஆகட்டும், எலும்புலயே சின்னத் தகடு வச்சு ரப்பர் போட்டு இழுத்தா இன்னும் நல்லா வரும்னார். மூணாவதா பாத்த டாக்டரம்மா, இந்த மாதிரி கீழ்த்தாடை நிக்காம வளரும், இப்ப என்ன பண்ணினாலும் திரும்பி வரலாம், வளர்ச்சி நின்னப்புறம் ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிக்கிறது தெளிவான வழின்னாங்க.

மூணு பேர் சொன்னதுலயும் தப்பு இல்லை, அதான் எனக்கு ரொம்பக் குழப்பமாச்சு. பிள்ளை தூங்கினப்புறம் உக்காந்து படிக்க ஆரம்பிச்சு, புரியாததை அடுத்த அப்பாயிண்ட்மென்ட்ல கேட்டு, இப்படி ரெண்டு மாசம் போச்சு. அதுல எனக்குப் பிடிபட்டது ஒண்ணுதான், எந்தக் கருவி நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளையோட முகத்துல சூச்சர் இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு கேக்கணும், கருவி அதுக்கப்புறம் தானா முடிவாயிடும். இதே குழப்பத்துல இருக்கிற அம்மா அப்பாவுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

சூச்சர்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். முகம் வெளியில பாக்க ஒரே எலும்பு மாதிரி இருக்கு, உள்ள அப்படி இல்லை, மேல்தாடையே வலது இடதுன்னு ரெண்டு துண்டு, அண்ணத்துக்கு நடுவுல ஒரு கோட்டுல சேருது. அந்த மேல்தாடை மேல நெத்தி எலும்போடயும் மூக்கு எலும்போடயும், பக்கத்துல கன்னத்தெலும்போடயும், பின்னாடி அண்ண எலும்போடயும் ஒட்டி நிக்குது. இந்த ஒட்டுற கோடெல்லாம்தான் சூச்சர், ரெண்டு துணியைச் சேத்துத் தச்ச இடம் மாதிரி. ஆனா இந்தத் தையல் உயிரோட இருக்கிற தையல், உள்ள நார், ரத்தக்குழாய், எலும்பு உண்டாக்குற செல் எல்லாம் இருக்கு. அந்த இடத்தை இழுத்தா நார் விறைச்சு, ரெண்டு ஓரத்துலயும் புது எலும்பு படியுது. அழுத்தினா அதே இடத்துல எலும்பு கரையும், இல்ல வளர்றது மட்டுப்படும். வளர்ற பிள்ளைக்குத் தாடை ட்ரீட்மென்ட்னு பண்றதுல மேல்தாடை சம்பந்தப்பட்ட எல்லாமே இந்த ஒரு குணத்தை வச்சுத்தான் ஓடுது, விரிக்கிறது, முன்னாடி இழுக்கிறது, பின்னாடி தடுத்து வைக்கிறது எல்லாம். கீழ்த்தாடைக்கு இந்த வசதி கிடையாது. அதுலயும் நடுவுல ஒரு சூச்சர் இருந்துச்சு, ஆனா குழந்தைக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள அது ஒட்டிப்போகுது, அப்புறம் காதுக்கு முன்னாடி இருக்கிற மூட்டுல உள்ள குருத்தெலும்பு வழியாத்தான் நீளுது. அதனாலதான் கீழ்த்தாடையைத் தடுக்கிறதை விட மேல்தாடையை இழுக்கிறது சுலபம்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க.

இந்தத் தையல் வயசு ஆக ஆக மாறிக்கிட்டே இருக்கு. பிர்த்தே மெல்சன்னு டென்மார்க்ல ஒரு ஆர்த்தோடாண்டிஸ்ட், 1975ல இறந்தவங்களோட அண்ணத்தை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்து எழுதினாங்க, சின்னக் குழந்தைல அந்த நடுக்கோடு அகலமா நேரா இருக்கும், பள்ளிக்கூட வயசுல அலை அலையா வளையும், பருவ வயசுல ரெண்டு பக்க எலும்பும் விரலைக் கோத்துக்கிட்ட மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கும். 1977ல பெர்சன், திலாண்டர்னு ரெண்டு பேர் இன்னொரு ஆராய்ச்சில 15 வயசுப் பொண்ணு ஒருத்திக்கே ஒட்ட ஆரம்பிச்சிருந்ததையும், 27 வயசுப் பொண்ணு ஒருத்திக்கு இன்னும் ஒட்டாமலே இருந்ததையும் பாத்தாங்க. ஆக பிறந்தநாளை மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது. பருவம் தாண்டினா கஷ்டம்னு பொதுவா சொல்லலாம், ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு எப்போன்னு கையெலும்பு எக்ஸ்ரேலயோ கழுத்தெலும்போட வடிவத்துலயோ பாத்துத்தான் சொல்லணும். இன்னொண்ணும் எனக்குத் தெரியாம இருந்துச்சு, முகம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல வளர்ந்து முடியறதில்லை, அகலம் முதல்ல முடியுது, அப்புறம் முன்பின் நீளம், கடைசியா உயரம். அதனால அகலம் பத்தலைன்னா அதுக்குத்தான் முதல்ல கதவு சாத்தும்.

சரி, அகலத்துல இருந்தே ஆரம்பிப்போம். மேல்தாடை குறுகலா இருந்து பக்கத்துப் பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமா கடிச்சா கிராஸ்பைட்னு சொல்வாங்க. விரிக்கிற யோசனை பழசு, எமர்சன் ஏஞ்சல்னு ஒரு பல் டாக்டர் 1860லயே ஒரு 14 வயசுப் பொண்ணோட அண்ணத்துல ஸ்க்ரூ வச்சு விரிச்சு முன்பல்லுக்கு நடுவுல இடைவெளி வந்ததை எழுதினார், அந்தக் காலத்துல யாரும் நம்பல, எக்ஸ்ரேவே அப்போ கிடையாது. நூறு வருஷம் கழிச்சு 1961ல ஆண்ட்ரூ ஹாஸ் திரும்ப எடுத்து நிலைநாட்டினார். இப்ப அதிகமா போடுறது ஹைராக்ஸ்னு ஒரு கம்பி ஸ்க்ரூ, கடைவாய்ப்பல்லுல வளையம் மாட்டி அண்ணத்துக்குக் குறுக்க நிக்கும், ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் திறக்கும், ஒரு நாளைக்கு ஒண்ணு இல்ல ரெண்டு திருப்பு.

அந்தத் திருப்புற வேலை நம்ம தலையிலதான் விழும், அதனால அதை விவரமா சொல்லிடறேன். பிள்ளையை மடியில தலைவச்சுப் படுக்கவச்சு, வாயை நல்லாத் திறக்கச் சொல்லி, ஒரு கையில மொபைல் டார்ச். ஸ்க்ரூவுல ஒரு குட்டி ஓட்டை தெரியும், அதுல சாவியை விட்டு முன்பக்கத்துல இருந்து தொண்டைப் பக்கமாத் தள்ளணும், அடுத்த ஓட்டை முழுசா முன்னாடி தெரியற வரைக்கும் தள்ளணும், பாதியில நிறுத்தினா அடுத்த நாள் சாவி போகாது. எடுக்கும்போது கீழ்ப்பக்கமா பின்னாடி இழுத்து எடுக்கணும், முன்னாடி இழுத்தா திருப்பினது திரும்பிடும். சாவியில நூல் கட்டிக் கையில சுத்திக்கோங்க, வாய்க்குள்ள விழுந்தா முழுங்கிடுவாங்க. என் பொண்ணு முதல் நாள் திருப்பினதும் அழல, பேசாம மூக்குத்தண்டைத் தொட்டுக் காட்டி "அம்மா, இங்க அழுத்துது"ன்னா, நான் பயந்துட்டேன், அண்ணத்துல திருப்பினதுக்கு ரெண்டு கண்ணுக்கு நடுவுல எப்படி அழுத்தும்னு. மேல்தாடை நெத்தியோடயும் மூக்கோடயும் சேர்ற சூச்சர் அங்கதான் இருக்கு, நடுக்கோட்டுல வைக்கிற விசை அங்க வரைக்கும் போகுது, அஞ்சு நிமிஷத்துல தானா விட்டுச்சு. அஞ்சாவது நாள் காலைல பல்லு தேய்க்கப் போனவ ஓடி வந்தா, முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. அந்தச் சந்தைப் பாத்து எத்தனையோ பேர் பயப்படுறாங்க, அது நல்ல அறிகுறி, எலும்பு பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், ஈறுக்குள்ள இருக்கிற நார் இழுத்துச் சில மாசத்துல அதுவே மூடிக்கும்.

ஆனா ஸ்க்ரூ திறக்கிற அளவு முழுக்க எலும்புல போறதில்லை. ஆராய்ச்சிகளைச் சேத்துப் பாத்தவங்க கணக்குப்படி, திறந்ததுல 20ல இருந்து 50 சதவீதம்தான் நிஜமா சூச்சர் பிரியறது, மீதி பல்லு வெளிப்பக்கமா சாயறதும் பல்லைத் தாங்குற எலும்பு வளையறதும். சின்ன வயசுல எலும்புப் பங்கு கூட, பருவம் தாண்டத் தாண்ட பல்லு சாயற பங்கு கூட. பிரியறதும் முன்னாடி அகலமா பின்னாடி குறுகலா விசிறி மாதிரித்தான் பிரியும், ஏன்னா பின்னாடி மண்டையோட்டு எலும்பும் பக்கத்துல கன்னத்தெலும்பும் முட்டுக் குடுத்து நிக்குது. விரிச்சு முடிச்ச கையோட ஸ்க்ரூவைக் கழட்டக் கூடாது. பிரிஞ்ச இடத்துல முதல்ல ரத்தமும் நாரும்தான் இருக்கும், ஓரத்துல இருந்து எலும்பு உள்ள வந்து நிறைய மூணுல இருந்து ஆறு மாசம் எடுக்கும், அது வரைக்கும் பூட்டி வச்சிருக்கணும். அவசரப்பட்டுக் கழட்டினா வந்த அகலம் போயிடும்.

இதுக்கு மாத்து வழிகள்னா, 5, 6 வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு வேகமான ஸ்க்ரூவே வேண்டாம், குவாட் ஹெலிக்ஸ்னு நாலு சுருள் உள்ள கம்பி மெதுவா தள்ளும், அந்த வயசுல தையல் அவ்வளவு இளசா இருக்கு, அந்த லேசான விசையே போதும், ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு வேகமா விரிச்சா மூக்கோட வடிவம் கெடுற ஆபத்தும் இருக்குன்னு பாடப் புத்தகத்துலயே எழுதியிருக்கு. மறுபக்கம் 15, 16 தாண்டினவங்களுக்குப் பல்லுல மாட்டற ஸ்க்ரூ ஓரளவுக்கு மேல பலிக்காது, பல்லுதான் சாயும், ஈறு கீழ இறங்கி வேர் தெரிய ஆரம்பிக்கும். அவங்களுக்கு அண்ண எலும்புலயே மினி ஸ்க்ரூ அடிச்சு விரிக்கிற மார்ப் முறை இருக்கு, 2010 வாக்குல கொரியாவுல இருந்து வந்த கட்டுரைக்கு அப்புறம் பரவலாச்சு. அதுக்கும் மசியலைன்னா எலும்பை வெட்டி விட்டு விரிக்கிறது. 8 வயசுப் பிள்ளைக்கு மார்ப் போடலாமான்னு கேட்டா என் பதில் வேண்டாம், சாதாரண ஸ்க்ரூவே சூச்சரைப் பிரிக்கிற வயசுல எதுக்கு எலும்புல ஓட்டை போடணும், அண்ணத்துல முளைக்காத பல்லோட மொட்டு வேற உள்ள இருக்கு.

ஸ்கேன் பத்தியும் ஒரு வார்த்தை. 2013ல ஆஞ்செலியேரியும் கூட இருந்தவங்களும் சிபிசிடிங்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்ல அண்ணத்து நடுக்கோட்டைப் பாத்து ஏ, பி, சி, டி, இ ன்னு அஞ்சு நிலை பிரிச்சாங்க, ஏ ல நேர்கோடு, பி ல நெளிகோடு, சி ல நெளிஞ்ச ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல, டி ல பின்பக்கம் ஒட்டிப்போச்சு, இ ல முன்பக்கமும் போச்சு. பொண்ணுங்கள்ல சிலருக்கு 11 வயசுக்கு அப்புறமே டி, இ வந்துடுது, பையன்களுக்கு இன்னும் தள்ளி வருது. பருவ வயசுல நடுவுல நிக்கிற பிள்ளைக்கு இது உதவும். 8 வயசுல பெரும்பாலும் ஏ இல்ல பி தான் இருக்கப் போகுது, அதைப் பாக்கறதுக்குன்னே கதிர்வீச்சு குடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தார், இன்னொருத்தர் தேவையில்லைன்னார், நாங்க எடுக்கல.

இப்ப முக்கியமான கேள்வி, முன்னாடி இழுக்கிறது. இதுலதான் நிஜமான ஒப்பீடு இருக்கு.

ஃபேஸ்மாஸ்க்னா நெத்தியில ஒரு பேட், தாடையில ஒரு பேட், நடுவுல கம்பி, அந்தக் கம்பியில இருந்து வாய்க்குள்ள இருக்கிற கருவிக்கு ரெண்டு பக்கமும் எலாஸ்டிக். 1960கள் கடைசியில பிரான்ஸ்ல டெலேர்னு ஒரு டாக்டர் இதைத் திரும்பக் கொண்டு வந்தார். ஒரு பக்கத்துக்கு 300ல இருந்து 500 கிராம் விசை, எலாஸ்டிக் நேரா முன்னாடி இழுக்காம சுமார் 30 டிகிரி கீழ்நோக்கி இழுக்கும், இல்லைன்னா மேல்தாடை முன்பக்கம் தூக்கிக்கிட்டு முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராமப் போகும். ஒரு நாளைக்கு 12ல இருந்து 14 மணி நேரம், அதாவது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டினா காலைல எழுந்துதான் கழட்டணும், இப்படி 9 மாசம், ஒரு வருஷம். இந்த விசை கன்னத்தெலும்புச் சூச்சர், நெத்திச் சூச்சர், பின்னாடி அண்ணத்துச் சூச்சர்னு எல்லாத்தையும் சேத்து இழுக்குது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்து, பிரிஞ்ச இடத்துல எலும்பு நிறைஞ்சு, மேல்தாடை முன்னாடி வருது. வர்றது எவ்வளவுன்னா 2, 3 மில்லிமீட்டர் அளவுதான், கேக்க ரொம்பக் கொஞ்சமா இருக்கும், ஆனா தலைகீழா கடிக்கிற முன்பல்லு நேராகுறதுக்கு அது கூட மேல்பல்லு கொஞ்சம் முன்னாடி சாயறதும் கீழ்த்தாடை கொஞ்சம் கீழ பின்னாடி சுழல்றதும் சேந்து போதும்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனமா படிங்க. தாடையில இருக்கிற பேட் பின்னாடி தள்ளுறதால கீழ்த்தாடை கீழ்நோக்கிச் சுழலுது, முகம் கொஞ்சம் நீளமாகுது. முகம் குட்டையா, கடி ஆழமா (அதாவது கடிக்கும்போது முன்பல்லு ஒண்ணை ஒண்ணு நிறைய மூடுற மாதிரி) உள்ள பிள்ளைக்கு அது நல்லதே. ஏற்கனவே முகம் நீளமா, முன்பல்லு சேராம இருக்கிற பிள்ளைக்கு அது கெடுதல், அவங்களுக்கு ஃபேஸ்மாஸ்க் போட்டா கடி சரியான மாதிரி தெரிஞ்சு முகம் இன்னும் நீண்டுபோகும். இதை என்கிட்ட முதல் டாக்டர் சொல்லல, நானாக் கேட்டப்புறம்தான் சொன்னார், என் பொண்ணுக்குக் கடி ஆழமா இருந்ததால பிரச்சினை இல்லைன்னு தெரிஞ்சுது.

வயசு விஷயத்துல 10க்கு முன்னாடி ஆரம்பிச்சா எலும்பு நகர்றது கூடவும், அதுக்கப்புறம் ஆரம்பிச்சா பல்லு நகர்றது கூடவும் இருக்கும். சின்ன வயசுல போட்டா பலன் இருக்குங்கறது சும்மா நம்பிக்கை இல்லை, பிரிட்டன்ல பல ஆஸ்பத்திரி சேந்து 7ல இருந்து 9 வயசுப் பிள்ளைங்களைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு ஃபேஸ்மாஸ்க் போட்டு, இன்னொரு பாதியை விட்டுவச்சு ஆறு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. முடிவுல ஆபரேஷன் தேவைன்னு டாக்டர்கள் சொன்னது ஃபேஸ்மாஸ்க் போட்டவங்கள்ல 36 சதவீதம் பேருக்கு, போடாதவங்கள்ல 66 சதவீதம் பேருக்கு. நான் இந்த ரெண்டு எண்ணையும் பேப்பர்ல எழுதி வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல வித்தியாசம்தான், ஆனா போட்ட பிள்ளைங்கள்லயும் மூணுல ஒரு பங்குக்கு மேல ஆபரேஷன் பக்கமே போகுது, அதையும் சேத்துத்தான் பாக்கணும். சூச்சர்ல வாங்கின மில்லிமீட்டரைப் பருவ வயசுல கீழ்த்தாடை வளர்ந்து தாண்டிடலாம், ஃபேஸ்மாஸ்க் அந்த வளர்ச்சியை நிறுத்தாது. குடும்பத்துல யாருக்காவது பெரிய கீழ்த்தாடை இருந்தா இந்த வாய்ப்பு இன்னும் கூட, எங்க வீட்டுல தாய்மாமனே இருக்கான்.

எக்ஸ்பாண்டரும் கூடவே போட்டாத்தான் சூச்சர் தளரும், அப்பத்தான் ஃபேஸ்மாஸ்க் வேலை செய்யும்னு நிறைய பேர் சொல்றாங்க. 2005ல வந்த ஒரு ஒப்பீட்டு ஆராய்ச்சில விரிச்சவங்களுக்கும் விரிக்காதவங்களுக்கும் முன்னாடி வர்ற அளவுல வித்தியாசம் தெரியல. அதனால தாடை குறுகலா இருந்தா விரிங்க, அகலம் சரியா இருக்கிற பிள்ளைக்குத் தளர்த்துறதுக்காகவே விரிக்கணும்னு கட்டாயம் இல்லை. இதுல இன்னொரு முறை, தைவான்ல எரிக் லியூ 2005 வாக்குல கொண்டு வந்தது, ஒரு வாரம் விரிச்சு அடுத்த வாரம் சுருக்கி இப்படியே ஏழு ஒம்பது வாரம் மாத்தி மாத்திப் பண்றது, ஆணியை அசைச்சு அசைச்சுப் பிடுங்கற மாதிரி. அதுல முன்னாடி வர்றது கொஞ்சம் கூடங்கறாங்க, ஆனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல வீட்டுல திருப்பணும், எந்த வாரம் எந்தப் பக்கம்னு கணக்குத் தப்பாம வச்சுக்கணும், எனக்கு அது நம்மால ஆகிற வேலையாத் தெரியல.

அடுத்தது எலும்புத் தகடு. பெல்ஜியத்துல ஹ்யூகோ டி கிளர்க் கொண்டு வந்த முறை. மேல கன்னத்தெலும்போட அடிவாரத்துல ரெண்டு, கீழ கோரைப்பல்லுப் பக்கத்துல ரெண்டு, மொத்தம் நாலு குட்டித் தகடை ஈறைக் கீறி எலும்புல ஸ்க்ரூ போட்டு வைப்பாங்க, தகட்டோட நுனி மட்டும் வாய்க்குள்ள எட்டிப் பாக்கும். மேல் தகட்டுல இருந்து கீழ் தகட்டுக்கு ரப்பர், முதல்ல ஒரு பக்கம் 150 கிராம், போகப் போக 250 கிராம். வெளியில ஒண்ணும் தெரியாது, அதனால நாள் முழுக்கப் போட்டுக்கலாம், பள்ளிக்கூடத்துக்கும் போட்டுட்டுப் போகலாம். ஃபேஸ்மாஸ்க் விசையில பாதிதான், ஆனா ஒரு நேரமும் விடாம இழுக்கிறதாலயும், பல்லுல பிடிக்காம எலும்புலயே பிடிக்கிறதாலயும் சூச்சருக்குப் போற பங்கு ரொம்பக் கூட. 2011ல முப்பரிமாண ஸ்கேன் வச்சு 9ல இருந்து 13 வயசுப் பிள்ளைங்களைப் பாத்ததுல மேல்தாடை சராசரி 3.7 மில்லிமீட்டர் முன்னாடி வந்திருந்துச்சு, கன்னத்தெலும்பும் கூடவே அதே 3.7 வந்திருந்துச்சு. எனக்கு இதுல ஆச்சரியம் கன்னத்தெலும்புதான், அதாவது தாடை மட்டும் நகராம முகத்தோட நடுப்பகுதியே சேந்து நகர்ந்திருக்கு. கீழ்த்தாடையும் ஃபேஸ்மாஸ்க்ல மாதிரி கீழ சுழல்றதில்லை, அதனால நீள முகப் பிள்ளைக்கு இது பொருத்தம்.

அப்போ எல்லாருக்கும் இதையே பண்ணலாமேன்னா, 8 வயசுல முடியாது. எலும்பு இன்னும் கெட்டிப்படாததால தகடு ஆட ஆரம்பிச்சிடும், கீழ்க் கோரைப்பல்லு முளைச்சு வழி விட்டாத்தான் கீழ்த் தகடு வைக்க இடம், அதனால 11 வயசு சுமார் ஆகணும். வைக்க ஒரு சின்ன ஆபரேஷன், எடுக்க இன்னொண்ணு, மயக்கம் வேற, நடுவுல ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கிற வாய்ப்பும் உண்டு. சுத்தமா பல்லு தேய்க்காத பிள்ளைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். தகடு வைக்கிற வயசுக்கும் பருவ வளர்ச்சிக்கும் நடுவுல இடைவெளி கம்மிங்கிறதையும் மறக்கக் கூடாது, பொண்ணுங்க சீக்கிரம் வளர்றதால 11, 12ன்னு ஏதோ ரெண்டு வருஷம்தான் கையில இருக்கும்.

மூணாவது, வளர்ந்து முடியட்டும்னு காத்திருந்து ஆபரேஷன். இதுல சூச்சருக்கு வேலையே இல்லை, மூக்குக்குக் கீழ பல்லு வேருக்கு மேல எலும்பைக் குறுக்க வெட்டி, வேணும்கிற அளவு முன்னாடி கொண்டு வந்து டைட்டானியம் தகடு போட்டு இறுக்கறது. இதோட பெரிய பலம், 8 மில்லிமீட்டர் பத்தலைன்னா 8 மில்லிமீட்டரே கொண்டு வரலாம், கீழ்த்தாடையையும் சேத்துப் பின்னாடி வைக்கலாம், அப்புறம் வளர்ந்து கெடுக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஆறு மாசம் ஒரு வருஷம் இடைவெளியில எடுத்த ரெண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வித்தியாசம் இல்லைன்னு பாத்துத்தான் பண்ணுவாங்க, பையன்களுக்கு அது இருபதை ஒட்டிப் போகலாம். கஷ்டம் என்னன்னு என் தம்பியைப் பாத்தவ நான் சொல்றேன், ஆபரேஷனுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் கிளிப் போட்டப்போ பல்லு அதோட நிஜமான இடத்துக்கு வரணும்னு கடியை இன்னும் மோசமாக்கித்தான் விட்டாங்க, அப்ப அவன் போட்டோவுக்கே நிக்க மாட்டான். முடிஞ்சப்புறம் முகம் வீங்கி மேலுதடு மரத்துப்போய் மாசக்கணக்குல உணர்ச்சி இல்லாம இருந்துச்சு, அப்புறம் திரும்பிச்சு. இப்ப நல்லா இருக்கான், வருத்தப்படல. ஆனா 8 வயசுல இருந்து 20 வயசு வரைக்கும் அந்த முகத்தோட பள்ளிக்கூடம் போன பன்னெண்டு வருஷத்தைப் பத்தி அவன் இன்னிக்கும் பேச மாட்டான், அதை எந்த எக்ஸ்ரேலயும் அளக்க முடியாது.

இதுக்கு நேர்மாறா மேல்தாடை முன்னாடி துருத்தி நிக்கிற பிள்ளைங்களும் இருக்காங்க, அவங்களுக்கு சீக்கிரம் சீக்கிரம்னு நான் சொல்ல மாட்டேன். கழுத்துப் பட்டை ஹெட்கியர் போட்டா இதே சூச்சரை அழுத்தி மேல்தாடை முன்னாடி வர்றதை மட்டுப்படுத்தும், ட்வின் பிளாக் மாதிரி கழட்டி மாட்டறதும் கொஞ்சம் அதைப் பண்ணும். ஆனா 8, 9 வயசுல ஒரு தடவை, 12ல இன்னொரு தடவைன்னு ரெண்டு கட்டமா பண்ணினவங்களுக்கும் 12ல ஒரே தடவை பண்ணினவங்களுக்கும் கடைசில தாடை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சுன்னு பல ஆராய்ச்சி காட்டிடுச்சு. முன்பல்லு விழுந்து அடிபட்டு உடையற வாய்ப்பு குறையுதுங்கறதுக்காக வேணா சீக்கிரம் பண்ணலாம். அதனால பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 12ல தான் ஆரம்பிச்சாங்கன்னு யாராவது சொன்னா, அந்தப் பிள்ளைக்கு எந்தத் தாடை எந்தப் பக்கம்னு கேளுங்க, அது வேற கணக்கு.

நாங்க எடுத்த முடிவைச் சொல்றேன். பொண்ணுக்கு வயசு 8, அண்ணம் குறுகல், கடி ஆழம், மேல்தாடைதான் பின்தங்கியிருக்கு, கீழ்த்தாடை அளவு எக்ஸ்ரேல பெருசா மீறல. இந்த நாலும் ஒண்ணா வந்ததால எக்ஸ்பாண்டரும் ஃபேஸ்மாஸ்க்கும் இப்பவே போட்டோம். இதுல ஒண்ணு மாறியிருந்தாலும் யோசிச்சிருப்பேன். முகம் நீளமா இருந்திருந்தா 11 வரைக்கும் பொறுத்துத் தகடு பக்கம் போயிருப்பேன். வயசு 13 ஆகியிருந்து பொண்ணா இருந்திருந்தா ஃபேஸ்மாஸ்க்குல அவளைக் கஷ்டப்படுத்தியிருக்க மாட்டேன். கீழ்த்தாடையே ரொம்பப் பெருசா இருந்திருந்தா அந்த மூணாவது டாக்டரம்மா சொன்னபடி சும்மா இருந்து, பல்லை மட்டும் சுத்தமா வச்சுக்கிட்டு, வளர்ச்சி முடியறதுக்குக் காத்திருப்பேன், ஏன்னா பத்தாத ட்ரீட்மென்டை ரெண்டு வருஷம் பண்ணி பிள்ளையோட பொறுமையைத் தீத்துட்டா, நிஜமா தேவைப்படறப்போ ஒத்துழைக்க மாட்டாங்க.

டாக்டர்கிட்ட போறப்போ இதைக் கேளுங்க, மேல்தாடை பின்னாடியா கீழ்த்தாடை முன்னாடியா, ரெண்டுமா, எது எவ்வளவு. முகம் நீளமா குட்டையா. அகலம் பத்துதா. பருவ வளர்ச்சி ஆரம்பிச்சாச்சா, எதை வச்சுச் சொல்றீங்க. வர்ற மாற்றத்துல எலும்பு எவ்வளவு, பல்லு எவ்வளவு. இதுல ஒண்ணுக்கும் பதில் சொல்லாம நேரா கருவியைக் காட்டினா இன்னொருத்தர்கிட்டயும் காட்டிக்கோங்க.

எங்களுக்குப் பதினொரு மாசம் ஆச்சு. முதல் மாசம் தாடை பேட் உரசி தோல் சிவந்து கொப்புளம் வந்துச்சு, மெல்லிசா பருத்தித் துணி வச்சுச் சமாளிச்சோம். நாலு நாள் போடாம ஏமாத்தினா, ஒரு வாரம் அழுதா, அப்புறம் கேலண்டர்ல அவளே மணிக்கணக்கு எழுத ஆரம்பிச்சா, 13, 12, 13, காய்ச்சல் வந்த அன்னிக்கு 0. ஏழாவது மாசம் முன்பல்லு ரெண்டும் விளிம்போட விளிம்பு முட்டுச்சு, அந்தச் சமயத்துல சாப்பிடவே சிரமப்பட்டா, ஒம்பதாவது மாசம் மேல்பல்லு முன்னாடி வந்துடுச்சு. டாக்டர் அதோட நிறுத்தாம இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் கூடுதலா இழுத்து வச்சார், பின்னாடி வளர்ச்சி தின்னுறதுக்குன்னு ஒதுக்கி வச்ச மாதிரி. இப்ப வயசு 10 ஆகப்போகுது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் அளந்து பாக்குறோம், உயரமும் சேத்து எழுதி வைக்கிறேன். போன தடவை கடி அப்படியே இருந்துச்சு, உயரம் 3 சென்டிமீட்டர் கூடியிருந்துச்சு. பெரிய வளர்ச்சி இனிமேத்தான் வரணும், 12ல கடி திரும்ப ஆரம்பிச்சா தகடு பத்திப் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்.